நாலாந்தரம்

மாங்குளச் சந்தியில் ஆறே முக்காலுக்கு ஏறுவோம்.
ஏறினால் ஆளுக்கொரு வேலை.

முன் இடது கதவு என்னுடையது.
பூட்டுப் பிடிக்காது. நைலோன் கயிற்றை
மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வேன்.
மூன்றாம் கியர் நழுவும்;
தடிக்கு முழங்காலால் முட்டுக்கொடுப்பதும் நான்தான்.

பின்னால் சுபத்திரை டீச்சர்.
தரைத்தகடு உக்கி விழுந்த இடத்தில்
பள்ளிக்கூடத்துக் கரும்பலகைத் துண்டு,
அதை மிதித்தபடியே இருக்கவேணும்.
காலை எடுத்தால் றோட்டுத் தெரியும்,
சீலையில் செம்மண் ஏறும்.

றெஜினாவுக்குத்தான் பெரிய வேலை.
மடியில் பாலைமரக் கட்டை.
மொறிஸ் மைனர் மெதுவாகும்போதே குதித்து
பின்சில்லுக்குக் கட்டை வைப்பாள்.

பிறேக்கைப் பற்றிக் கேட்டால் தவநேசன் மாஸ்ரர்
கணக்குப் படிப்பிக்கிற குரலில் சொல்லுவார்:
"மூன்று தரம் உழக்கப் பிடிக்கும்.
நாலாந்தரம் தேவைப்படாது."
மல்லாவிக் கராஜ்காரன் கீழே படுத்துப் பார்த்துவிட்டு
எழும்பிக் கையைத் துடைத்து,
காசு வேண்டாம் எண்டான்.
மாஸ்ரர் அதை நல்ல சகுனமாக எடுத்தார்.

இடப்பக்கம் திருப்பினால் ஹோண் தானாக அடிக்கும்.
வலப்பக்கம் திருப்பும்போது நாங்கள் கத்துவோம்.

தையில் றெஜினாவுக்கு இடமாற்றம்.
கட்டை மட்டும் அவளுடைய இடத்தில்
வளைவுக்கு வளைவு உருண்டு வந்தது.

வைகாசியில் ஒரு நாள்
வவுனிக்குளம் அணைக்கட்டால் இறங்க, எருமைகள்.
ஒன்று.
மாஸ்ரரின் உதடு எண்ணியது.
இரண்டு. மூன்று.
நாலு.
பிறகு அவர் எண்ணவில்லை.
வலப்பக்கம்தான் திருப்பினார்.
கத்தவேணும் என்று ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

சிறுபோக முளைக்குள் அச்சுவரை புதைந்து
நின்றது கார்.
அவ்வளவு சுத்தமாய் அது ஒருநாளும் நின்றதில்லை.
கயிறு என் கையில்,
கதவு வரம்பில்.

வயல்காரர் மண்வெட்டியோடு வந்தார்.
முளையைப் பார்த்தார். எங்களைப் பார்க்கவில்லை.
பொனற்றில் காதை வைத்தார்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"விக்கிறியளோ மாஸ்ரர்?
தண்ணி இறைக்க நல்லாயிருக்கும்.
நிண்ட இடத்தில ஓடுற சாமானுக்கு
பிறேக் என்னத்துக்கு?"

விலை பேசும்போதும் மாஸ்ரரின் வலக்கால்
உழக்கிக்கொண்டே இருந்தது.

பலகையைச் சுற்றிச் சேற்றுத்தண்ணீர் ஊறி
சுபத்திரை டீச்சரின் செருப்பு மறைந்துவிட்டது.
"காலை எடுங்கோ டீச்சர்" என்றேன்.
"எடுத்தால் றோட்டுத் தெரியும்" எண்டா.