ஈரோடு பக்கம்

ஈப்போவிலிருந்து கொண்டுவந்த சார்ஜர்
லாட்ஜ் சுவரின் எந்தத் துளையிலும் நுழையவில்லை.
முதல் இரவு அப்படியே போனது:
செத்த போன், புது பஸ் ஸ்டாண்டின் ஹாரன்கள்,
ஐம்பத்திரண்டு வயதில் முதன்முறையாக
என்னை யாருக்கும் தெரியாத ஓர் ஊர்.

மறுநாள் தட்டுவடை செட் கடையில்
“தப்பாவ் பண்ணுங்க” என்றேன்.
கரண்டியோடு நிமிர்ந்தார் கடைக்காரர்.
“பார்சலுங்களா? எந்த ஊருங்க?”
“ஈப்போ.”
பீட்ரூட் துருவலைத் தூவியபடி யோசித்தார்.
“ஈரோடு பக்கமா?”

ஆமாம் என்றேன்.
ஏனென்று இப்போதும் தெரியவில்லை.
காரச் சட்னியோடு பொய்
நன்றாகத்தான் இறங்கியது.

மூன்றாம் நாள் ஏற்காடு பஸ்.
கொண்டை ஊசி வளைவு இருபதையும்
பலகை பார்த்து எண்ணி வந்தவள்
ஒன்பதாவதில் கணக்கைத் தவறவிட்டேன்,
காலையில் தின்ற பொங்கலையும்.

பக்கத்து சீட்டுக்காரி எலுமிச்சையைக் கீறி
என் உள்ளங்கையில் திணித்தாள்.
“கூட யாரும் வரலீங்களா?”
“வரல.”
முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டே
மெதுவாகச் சொன்னாள்:
“குடுத்து வச்சவங்க.”

மேலே,
காப்பித் தோட்டம் முழுக்க வெள்ளைப் பூ.
படமெடுக்கப் போன் இல்லை.
“இங்க பாரேன்” என்று சொல்ல
ஆளும் இல்லாததால்
நானே இரண்டு முறை பார்த்தேன்.