ஆறு இலக்க எண்

வானொலிக்காரப் பெண் ஒலிவாங்கியை
என் மோவாய்க்குக் கீழே நீட்டிக் கேட்டாள்:
"புத்தகக் கடைகளின் எதிர்காலம் என்ன, திருமதி பொஜேனா?"
கதவு மணி அடித்தது.
"ஒரு நிமிடம்" என்றேன்.
உள்ளே வந்தவளிடம் திரும்பி,
"ஆறு இலக்க எண் சொல்லுங்கள்."

தோருன் நகரத்தில்,
விஸ்துலா ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி,
இதுதான் இப்போது என் தொழிலில் பாதி:
என்னிடம் வாங்காதவர்கள்
எங்கோ வாங்கியதை
என்னிடம் வந்து வாங்கிப் போகிறார்கள்.
பொட்டலம் ஒன்றுக்கு எண்பது குரோஷ்.
ஒரு காபி குடிக்கப் பதினெட்டுப் பொட்டலம் கைமாற வேண்டும்.
கவிதை அலமாரி இருந்த இடத்தில்
ஏழு இரும்புத் தட்டுகள்.
கவிதைகள் கழிப்பறைக்குப் போகும் வழிக்கு மாறின.
விற்பனை குறையவில்லை,
குறைய இடமில்லை.

செருப்பு, பூனைத் தீனி, திரைச்சீலைக் கொக்கி,
யாருக்கோ நாலு கிலோ புரதப் பொடி.
நடுவில் ஒரு புத்தகம் வந்தால்
அட்டைப்பெட்டிக்குள் இருந்தாலும் எனக்குத் தெரியும்.
மூலை பேசும். எடை பேசும்.
கட்டைவிரலால் அழுத்தினால்
கெட்டி அட்டையா, மெல்லியதா,
நானூறு பக்கமா, அறுநூறா.
பலமுறை தலைப்பே தெரிந்துவிடும்.
அதே தலைப்பு என் முதுகுக்குப் பின்னால்
மூன்று பிரதி நிற்கும்,
சந்தையில் பார்த்தும் பார்க்காத உறவுக்காரர்கள்போல.
நான் சொல்வதில்லை.
கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்.

பிப்ரவரியில் வித்தோல்ட் பெயருக்கு ஒன்று வந்தது.
தட்டை. இலேசு. ஆட்டினால் ஆடவில்லை.
விரல் உடனே சொல்லிவிட்டது.
பதினொரு வருட வாடிக்கை.
கடை மாற்றி முடிவெட்டிக்கொண்டவர்
பழைய நாவிதர் எதிரே அகப்பட்டதுபோல்
காலில் ஒட்டிய பனியோடு வாசலிலேயே நின்றார்.
"டயாலிசிஸ்" என்றார்.
"வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம்.
இடக்கையில் ஊசி, அசைக்கக் கூடாது.
வலக்கை ஒன்றை வைத்துக்கொண்டு
உங்கள் தடிப் புத்தகத்தைப்
பிடிப்பதா, புரட்டுவதா?"

கத்தரிக்கோல் நான்தான் கொடுத்தேன்.
எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்,
இன்னும், இன்னும்,
பக்கத்துக்கு ஒன்பது வரி மிஞ்சும்வரை.
ஒரு விரல் பட்டால் போதும், தாள் நகர்கிறது.
இந்தச் சாதனத்துக்கென்று
வருடக்கணக்காகச் சேர்த்துவைத்த வசவெல்லாம்
வாய்க்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது.

"சரி, எதைப் படிக்கட்டும்?"
அரை மணி நேரம் பேசினேன்.
இது வேண்டாம், கடைசியில் எல்லாரும் சாகிறார்கள்.
இது பரவாயில்லை, ஆனால் வெயில் வந்தபிறகு.
இதில் ஒரு கப்பல் சமையல்காரன் வருகிறான்,
ஊசி வலிக்காத அளவுக்குச் சிரிப்பீர்கள்.
என் கடையில், என் கணப்பு பக்கத்தில்,
என் வைஃபையில்,
நான் சொன்ன மூன்றையும் வாங்கினார்.
கல்லாப்பெட்டி வாயைத் திறக்கவில்லை.
எண்பது குரோஷ்.

கணக்கு எழுதும் ராதோஸ்வாவ் கேட்டான்:
"பேச்சை எந்தப் பத்தியில் வைக்க?"
எழுதாதே என்றேன்.
அவன் படியிறங்கிய பிறகு
எழுது என்று கத்தினேன்.
எந்தப் பத்தி என்பது இன்னும் முடிவாகவில்லை.

இன்று வந்தவள் கிங்கா,
டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ்.
இரவுப்பணி முடித்த கண்.
எண்ணைச் சொன்னாள். பொட்டலத்தை எடுத்தேன்.
இருநூற்று எண்பது பக்கம், மெல்லிய அட்டை.
"எங்கள் நோயாளி ஒருவர்" என்றாள்,
"தனியாகச் சிரித்துக்கொண்டே இருக்கிறார், ஊசியோடு.
என்ன புத்தகம் என்று கேட்டு
ராத்திரியே வரவழைத்தேன்."

நான் சொன்ன சொல்
ஊரைச் சுற்றி, கிடங்கைச் சுற்றி,
பட்டை ஒட்டி, முத்திரை குத்தி
என் மேசைக்கே வந்திருக்கிறது.
சிரிப்பதா என்று தெரியாமல்
கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

ஒலிவாங்கி நீட்டினபடியே இருந்தது.
"எதிர்காலம்…" என்று எடுத்துக்கொடுத்தாள் அந்தப் பெண்.
"அதற்குள் என்ன இருக்கிறது என்று
எனக்குத் தெரியும்" என்றேன்,
போய்க்கொண்டிருந்த பொட்டலத்தைக் காட்டி.

ஒலிபரப்பில் அதை வெட்டிவிட்டார்கள்.
கதவு மணி மட்டும் கேட்கிறது.