மூன்று கிலோ

காலை எட்டு ஐம்பத்தெட்டு.
செல்போனை முகத்துக்கு நேரே பிடிக்கிறேன்.
முகம் பொருந்தவில்லை.
கண்ணாடியைக் கழற்றவும். வெளிச்சத்துக்கு வரவும். இமைக்கவும்.
இமைத்தேன்.
முகம் பொருந்தவில்லை.
பின்னால் நின்ற பார்மகாலஜிக்காரர்
"நேத்து எனக்கும் இதேதான், சிரிச்சுப் பாருங்க மேடம்" என்றார்.
ஆதாருக்குப் படம் எடுத்த அன்று
நான் சிரித்திருப்பேன் போல.

காட்பாடியிலிருந்து வரும் வழியில் பாலாற்றுப் பாலம்.
தண்ணீர் போனது நான் பிறப்பதற்கு முன்.
மணல் போனது என் கண்ணெதிரே.
பலகையில் ஆறு என்று எழுதியிருக்கிறது,
அதனால் ஆறு.

ஜெபக்கனி வேலையை விட்டு நாலு மாதம்.
அவள் அறைக் கதவில் பெயர் அப்படியே,
இன்ஸ்பெக்‌ஷன் முடியும்வரை கழற்ற வேண்டாமாம்.
அவளுடைய வகுப்புகளை என் பெயருக்கு நேரே
முதலில் பென்சிலால் எழுதினார்கள்.
பொங்கலுக்குப் பிறகு பேனாவால்.

மேஜைமேல் நூற்றைம்பது ரெக்கார்டு நோட்டு,
ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு கையெழுத்து.
முதல் இருபதில் என் பெயர் முழுதாக இருக்கிறது.
அப்புறம் முதலெழுத்தும் ஒரு சுழியும்.
எண்பதுக்கு மேலே
வெறும் கோடு.

இரண்டு மணிக்கு எர்கோகிராஃப்.
முன்கையைப் பலகையில் வாரால் கட்டு,
நடுவிரலில் கயிறு, கயிற்றின் நுனியில் மூன்று கிலோ.
மெட்ரோனோம் தட்டும்போதெல்லாம் இழு.
ரிஃபாத், ஆம்பூர்ப் பையன், கால்பந்து ஆடுகிறவன்,
ஐம்பத்தாறு முறை இழுத்தான்.
தாளில் கோடுகள் நெட்டையாகத் தொடங்கி
புல்லாகி, தூசாகி, நின்றன.
"சத்தம் போடுங்கள்" என்றேன் மற்றவர்களிடம்.
கையேட்டில் ஐந்தாம் படி: ஊக்கம் கொடுக்கவும்.
"இழுடா மச்சான், இழுடா!"
இன்னும் பதினொன்று இழுத்தான்.

வைவாவில் கேட்பார்கள்,
களைப்பு முதலில் எங்கே?
தசையிலா, நரம்பிலா, இரண்டும் சேரும் இடத்திலா?
நரம்பு களைப்பதில்லை, எழுதிக்கொள்.
உயிருள்ள மனிதனில் முதலில் கைவிடுவது மூளை.
பத்தொன்பது வருடமாகச் சொல்கிறேன்.
சாக்பீஸ் இருந்தபோது சொன்னேன்.
தவளை இருந்தபோது சொன்னேன்.
இப்போது நான் வாய் திறப்பதற்குள்
ஸ்லைடு சொல்லிவிடுகிறது.

நாலரைக்கு வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ:
நாம் ஒரே குடும்பம், இன்னும் ஒரு மாதம்தான், சாதிப்போம்.
அடியிலேயே இன்னொன்று:
மன அழுத்தத்தை வெல்வது எப்படி, பயிலரங்கம்,
ஞாயிறு காலை ஒன்பது மணி,
வருகை கட்டாயம்.
ஐந்தாம் படி, என்று சொல்லிக்கொண்டேன்.
இருபத்திரண்டு பேர் கைகூப்பியிருந்தார்கள்.
நானும் கூப்பினேன்.

ஆறு மணிக்கு லேபில் யாருமில்லை.
ஜன்னலுக்கு வெளியே மொட்டைப் பாறை மலை
பகலில் வாங்கிய வெயிலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.
என் கையை நானே கட்டிக்கொண்டேன்.
வாரை இறுக்கப் பல் தேவைப்பட்டது.
டக். டக்.
பத்து. பதினைந்து.
இருபத்து மூன்றில் விரல் வேறு யாருடையதோ ஆனது.
முப்பதில்
சாவிக்கொத்தோடு முனிரத்தினம் வந்தார்.
அணைக்கட்டு பஸ் ஆறேகாலுக்கு, எனக்கும் தெரியும்.
என்னைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார்.
இருபத்தாறு வருடமாக இந்த மேஜையைத் துடைக்கிறவர்.
"ஏதாவது சொல்லுங்க முனிரத்தினம்,
பசங்க கத்துவாங்களே, அது மாதிரி" என்றேன்.
கழுத்தைச் சொறிந்தார். யோசித்தார்.
"வெயிட்டை எடுத்துடட்டுமா மேடம்?"

நான் படித்த எந்தப் பதிப்பிலும்
அப்படி ஒரு படி இல்லை.

குனிந்து, உள்ளங்கையைக் கீழே கொடுத்து
தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல் எடுத்தார்.
கயிறு தொய்ந்தது.
மெட்ரோனோமை நிறுத்த இருவருக்கும் தோன்றவில்லை,
விரல் மட்டும் அதன் தாளத்துக்கு
ஒன்றுமில்லாததை
இன்னும் நாலைந்து தரம் இழுத்தது.

அலமாரியில் வைத்துவிட்டு
ஸ்டாக் புத்தகத்தில் எழுதினார்:
எடை, மூன்று கிலோ, ஒன்று. உள்ளது.
அவர் பஸ் போயிருக்கும்.
அதைப் பற்றி அவர் பேசவில்லை,
எனக்கும் கேட்கக் கூச்சமாக இருந்தது.

அறுபத்து மூன்று நோட்டுகள் மேஜையிலேயே கிடந்தன.
விளக்கை அவர்தான் அணைத்தார்.