ஏழாம் பருவத்துக்கு எடுத்த கண்ணீர்

நகெற் அவெனியூவில் பழைய மெத்தைக் கிடங்கு.
வாசலில் பனிக்கு உப்புத் தூவியிருந்தார்கள்.
உள்ளே நெருப்பு நிறத்தில் ஒரு மேடை,
பூச்சுக் காயாத படிகள்,
நடுவர்களுக்கு மூன்று சிம்மாசனம்.
பாட்டுப் போட்டியின் ஏழாவது பருவம், முதல் நாள்.
பார்வையாளருக்குச் சம்பளம் இல்லை.
மதியம் ஒரு ரோல்ஸ், ஒரு தேத்தண்ணி,
பட்டுச்சேலைக்கு முன்வரிசை.
தங்கச்சியின் மாம்பழப் பட்டைக் கட்டியிருந்தேன்.
கீழே பனிச் சப்பாத்து.
கமெராவுக்குக் கால் தெரியாதாம்.

பத்தரை மணிக்கு
காதில் கருவி செருகிய பெடியன் வந்தான்.
கோகுலரமணன் என்றது கழுத்து அட்டை.
"பாட்டெல்லாம் பிறகு.
முதல்ல உங்கட முகங்கள்."

வெறும் மேடைக்குக் கை தட்டினோம்.
எழுந்து நின்றும் தட்டினோம்.
"வாயைப் பிளவுங்கோ, இப்ப ஒரு உச்ச சுரம் வருது."
வரவில்லை. பிளந்தோம்.
பக்கத்துக் கதிரை ஐயா
வந்த கொட்டாவியையே வியப்பாக மாற்றிக் கொடுத்தார்.
அவரை மூன்று தரம் எடுத்தார்கள்.

பிறகு என் பக்கம் குனிந்தான்.
"அக்கா, நீங்கள் கொஞ்சம் அழுவீங்களோ?"
எதுக்கு என்றேன்.
"அம்மாவைப் பற்றி ஒரு பாட்டு வரும்.
எந்தப் பருவத்திலயும் வரும்."

அம்மாவை நினைத்தேன். அசையவில்லை.
காலையில்தான் அவவோடு சண்டை,
வட்ஸ்அப்பில் ஒரு மணித்தியாலம், காணி உறுதி பற்றி.
செத்தவர்களை நினைத்தேன்.
அவர்கள் அந்த வெளிச்சத்துக்குள் வர மறுத்துவிட்டார்கள்.
கடைசியில் வந்தது ஒரு மஞ்சள் தாள்:
போன கிழமை, ஆஸ்பத்திரி வாசலில்,
காரின் துடைப்பானுக்கு அடியில் செருகியிருந்த தண்டச்சீட்டு.
பதினொரு நிமிடம் பிந்தியதாக எழுதியிருந்தது.
ஏன் பிந்தினேன் என்று எழுத
அதில் இடமே விட்டிருக்கவில்லை.

"சூப்பர் அக்கா, அப்பிடியே பிடியுங்கோ,
இடக்கண்ணால இன்னும் கொஞ்சம்."

மூன்றரைக்கு எனக்கு வேலை.
முதல் போட்டியாளர் தொண்டையைச் செருமியபோது
நான் 401இல், நடு ஒழுங்கையில்,
ஒரு சீமெந்து லொறிக்குப் பின்னால்.

மாசியில் ஒளிபரப்பினார்கள்.
அஜாக்ஸ் பெடியன், மிருதுளன், பத்தொன்பது வயது.
கண்ணை மூடிப் பாடுகிறான்.
அடுத்து நான். பிறகு அவன். திரும்பவும் நான்.
கனத்த ஒரு துளி,
தாளம் பிசகாமல் விழுகிறது.
"ஐயோ, சித்தியைப் பார்!" என்று வீடே கத்தியதில்
அன்றைக்கும் பாட்டுக் கேட்கவில்லை.

நாலாம் கிழமை அவனை அனுப்பிவிட்டார்கள்.
வாக்குப் போதவில்லை.

சித்திரையில் ஒரு சனி இரவு,
மருந்துக்கடைக் கல்லாவில் நான்.
இருமல் மிட்டாய் ஒரு பெட்டி.
காசை நீட்டிய கை அப்படியே நின்றது.
"நீங்கள்தானே?
வீட்டில அந்த இடத்தை நிப்பாட்டி நிப்பாட்டிப் பாக்கிறனாங்கள்.
சுருதி விலகிப் போச்சு எண்டு நடுவர்மார் சொன்னவை.
அம்மா சொன்னவ,
அந்த அக்கா அழுதவ எல்லோ, அது காணும் எண்டு."

அவனுக்குப் பின்னால் வரிசையில் நாலு பேர்.
சொல்லியிருக்கலாம்.
மெத்தைக் கிடங்கு, கொட்டாவி ஐயா, பதினொரு நிமிடம்.
"ரசீது வேணுமோ?" என்று கேட்டேன்.

வேலை முடிந்து காருக்குள் இருந்து தேடினேன்.
நாலு நிமிடம் பன்னிரண்டு செக்கன்.
என் முகம் இடையில் வந்து கெடுக்காமல்
போனைப் பக்கத்து இருக்கையில் கவிழ்த்து வைத்தேன்.

இரண்டாவது சரணத்தில்
சுருதி விலகத்தான் செய்தது.
நடுவர்கள் சொன்னது சரி.

முதலிலிருந்து
இன்னொரு தரம் போட்டேன்.