கல்லில் நார்

"கான்கிரீட் அறுக்கணும்" என்று வருவார்கள்.
மருந்துக்கடையில் வந்து நின்று
"உடம்பு சரியில்லை" என்பதைப் போல.

தால்காவானோ துறைமுகத்துக்கு இரண்டு தெரு மேலே என் கடை.
வைர ரம்பத் தகடுகள் விற்கிறேன்.
விற்பதற்கு முன் கேட்பேன்:
ஜல்லி ஆற்றுக்கல்லா, உடைத்த கல்லா?
கம்பி எத்தனை கனம், எத்தனை நெருக்கம்?
தண்ணீர் இருக்கிறதா?
பாதிப் பேர் பொய் சொல்வார்கள்.
வேண்டுமென்றே அல்ல,
சுவருக்குள் இருப்பது யாருக்குத் தெரியும்.

எலியானா குரிகேயோ மட்டும்
சுவரையே கொண்டுவந்தாள்.
ரொட்டிப் பையில், துளைத்தெடுத்த ஓர் உருளை,
சாணுக்குக் கொஞ்சம் மேலே.
பள்ளிக்கூடம், என்றாள். பின்னால் மேடு.
கடல் ஏறினால் பிள்ளைகள்
முன்வாசல் வழியாகக் கடலைப் பார்த்து ஓடித்தான்
மேட்டுக்குத் திரும்ப முடியும்.
அதனால் பின்சுவரில் ஒரு கதவு.
பொறியாளர் கையெழுத்துப் போட்டாயிற்று.
திங்கட்கிழமை மணி அடிப்பதற்குள்.

அன்று வெள்ளி.

உருளையை மேசைமேல் உருட்டினேன்.
பியோபியோ ஆற்றின் கருங்கூழாங்கல்,
நடுவே அறுபட்ட கம்பியின் முகம்
புதுக்காசு மாதிரி.
நிலநடுக்கத்துக்குப் பயந்து கட்டிய சுவர்:
பதினாறு மில்லிமீட்டர், சாணுக்கு ஒன்று, இரண்டு வரிசை.
கல்லில் நார் உரிப்பது என்பார்களே, அதுதான்.
நாரும் இரும்பு.

வைரத்தை வைரத்தால் அறுக்கலாம்.
சுவரை அறுப்பதோ
வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகம்
எப்போது அதைக் கைவிடுகிறது என்பதுதான்.
கெட்டிக் கல்லுக்கு இளகிய பிடி வேண்டும்:
தான் தேய்ந்து, மழுங்கியதை உதிர்த்து
அடுத்த கூரை வெளியே விடுகிற பிடி.
மணலாய்ச் சொரியும் சுவருக்குத்தான் இறுகியது.
வருகிறவர்கள் எல்லோரும் தலைகீழாகக் கேட்பார்கள்.
திருத்தி அனுப்புவேன்.

அவளிடம் இதெல்லாம் சொல்லத் தேவையே இல்லை.
அவள் எண்ணிவைத்த பணத்தைப் பார்த்தேன்.
பெற்றோர்கள் எம்பனாதா பொரித்து விற்றுச் சேர்த்தது,
நோட்டு ஓரங்களில் எண்ணெய்.
இளகிய தகடு அதைப் போல ஒன்றரை மடங்கு.
"எல்லாவற்றுக்கும் ஏற்றது" என்று அட்டையில் அச்சிட்டிருந்ததை
எடுத்து நீட்டினேன்.
கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான் என்றேன்.

சனிக்கிழமை பத்தரைக்கு வந்தாள்.
காதுமூடி கழுத்தில். புருவம் வரை சாம்பல் சேறு.
இரண்டு கையாலும் தூக்கிவந்த வட்டத்தை
என் கணக்கு நோட்டின்மேல் வைத்தாள்.
பற்களைத் தடவினேன்.
கண்ணாடி. என் நகம்கூடச் சிக்கவில்லை.
"நாலு விரற்கடை போச்சு.
அப்புறம் வெறும் சத்தம்."

மணற்கல்லில் ஓட்டிக் கூர் திறக்கலாம்,
இன்னொரு நாலு விரற்கடை வரும் என்று ஆரம்பித்தேன்.
"கல்லைப் பார்த்தாயே, ரொசெந்தோ" என்றாள்.

பரணில் ஏறி மற்றதை இறக்கினேன்.
விலைச்சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டேன்.
அவள் குனிந்து, இரண்டு துண்டையும் பொறுக்கி,
ஒட்டவைத்துப் படித்து,
மீதியை மாதம் மாதம் தருகிறேன் என்றாள்.
நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை.
சரிதான்.

ஞாயிறு கடை கிடையாது.
ஆனாலும் பதினொரு மணிக்கு அந்தப் பக்கம் நடந்தேன்.
வேலிக்கு வெளியே நின்று கேட்டேன்:
கல்லில் ஒரு குரல்,
கம்பி வரும்போது கட்டைக்குரல்,
அவள் அழுத்தாமல் காத்திருக்கிறாள்,
மறுபடி கல்.
சரிவில் வழிந்த சேற்றுத் தண்ணீர் என் காலணிவரை வந்தது.
உள்ளே போகவில்லை.

முதல் தவணையோடு வந்த அன்று
தகட்டையும் கொண்டுவந்திருந்தாள்.
பழக்கதோஷம், அளவியில் பிடித்துப் பார்த்தேன்.
பத்து மில்லிமீட்டர் பல்லில்
ஒன்றரை குறைந்திருந்தது.

கதவு எத்தனை அகலம் என்று கேட்டேன்.
"மூன்று பிள்ளைகள் ஒரே சமயத்தில் போகலாம்," என்றாள்.
"பை மாட்டாமல் இருந்தால்."

பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டேன்.