இரண்டு எழுத்து

ஐந்து ரோட்டில், பாலத்துக்குக் கீழே
எங்கள் பிளெக்ஸ் கடைக்கு இரவில்தான் பகல்.
செய்தி ஏழு மணிக்கு வந்தது.
ஏழே முக்காலுக்கு மாதையன் வந்தார்,
வாயில் வெற்றிலை, கவரில் தலைவர் படம்.
"இருபதுக்குப் பத்து. மூலையில் ஒரு புறா.
கடல் தாண்டி நடந்த போரைத் தலைவர் நிறுத்தினார்.
அவ்வளவுதான் வாசகம். கடைசி வார்த்தை சிவப்பில்."

நான் எழுத்துரு தேடிக்கொண்டிருக்கையிலேயே
அம்மாப்பேட்டையிலிருந்து துளசிராம் வந்து நின்றார்,
ஹெல்மெட்டைக் கழற்றாமல்.
"எங்களுக்குப் பத்துக்கு எட்டு போதும்.
போர் தானாக நின்றது, பெருமை எதற்கு?
கேள்விக்குறி மட்டும் ஓர் ஆள் உயரம் இருக்கணும்."

கடையில் நாற்காலி ஒன்று. இருவரும் உட்காரவில்லை.

"எங்க ஆளு பேசலைன்னா நின்னிருக்குமா?"
"பேசினாருன்னு யாரு சொன்னா? அவங்க அறிக்கையில
உங்க ஆளு பேரே இல்லையே."
"அது மரியாதை. சொல்லாம விடுறது."
"ஆமா, கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேரை
விடுற மாதிரி."

நின்றது தன்வினை, நிறுத்தினார் பிறவினை.
பள்ளியில் இரண்டு மதிப்பெண் கேள்வி அது,
நான் ஒன்று வாங்கினேன்.
அதற்காகச் சட்டைக் காலரைப் பிடிப்பவர்களை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கணினியில் புறா ஒன்றுதான் இருந்தது.
இவருக்கு இடப்பக்கம் பறந்ததை
அவருக்கு வலப்பக்கம் திருப்பினேன்.

விளிம்பில் வளையம் அடிக்கும் பிலோமினா நாகலூர்க்காரி.
பேருந்து ஏறினால் இருபது கொண்டை ஊசிக்கு மேலே வீடு.
அவள் அண்ணன் அந்தத் தேசத்துத் துறைமுகத்தில் சமையல்.
ஒன்பது மணிக்கு அவன் முகம் பாதி தெரிந்தது,
மீதி சுவராக இருந்தது.
"நின்னுடுச்சாண்ணா?"
"சத்தம் இல்ல பிள்ள. சத்தம் இல்லாம தூக்கம் வரல."

மை உலர்த்தும் விசிறி மட்டும் சுற்றியது.
பிறகு மாதையன் குனிந்து, திரைக்குள் கேட்டார்:
"யாரு நிறுத்தினதுன்னு அங்க பேசிக்கிறாங்க தம்பி?"
"அரிசிக் கப்பல் எப்ப வரும்னு பேசிக்கிறாங்க."
"பார்த்தீங்களா!" என்றார் துளசிராம்.
"அதத்தான நானும் சொல்றேன்!" என்றார் மாதையன்.

இரண்டு மணிக்குச் சட்டத்தில் அறைந்தோம்.
நான்கு மணிக்குக் கட்டிவிட்டு வந்து
பிளெக்ஸ் சுருளின் மேலேயே தூங்கினேன்.

எட்டரைக்கு உலகமே எழுப்பியது.
இருபதுக்குப் பத்தில், சிவப்பில்,
கலெக்டர் ஆபீஸ் போகிற பேருந்தெல்லாம் படிக்கிற மாதிரி:
கடல் தாண்டி நடந்த போரைத் தலைவர் நிறுத்தார்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்காரர் கண்ணையன்
மொபெட்டைச் சாய்த்து நிறுத்தி, அண்ணாந்து,
"நிறுத்தாரா? எத்தனை கிலோ இருந்துச்சாம்?" என்று கேட்டார்.
அவர் சிரிக்கவில்லை. ராத்திரியே வெள்ளி விலை சரிந்து
தராசைத் தொடாமலே அவருக்கு மூன்று லட்சம் போயிருந்தது.

துளசிராம் நான்கு கோணத்தில் படம் எடுத்தார்.
மாதையன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று:
"அவன் எவ்வளவு குடுத்தான் உனக்கு?"
யாரும் எதுவும் கொடுக்கவில்லை.
பாதி முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டிய வரி அது
என்று சொன்னால் எந்தக் கட்சி நம்பும்?
முதலாளி சம்பளத்தில் நானூறு பிடிப்பதாகச் சொல்லி
இரண்டு எழுத்தை ஸ்டிக்கரில் வெட்டிக் கொடுத்தார்.

மத்தியானம். சேர்வராயன் பக்கம் கருத்திருந்தது.
ஏணியில் நான். கீழே பிடித்துக்கொண்டு பிலோமினா.
'தா'வின் மேல் 'தி'யை வைத்துத் தேய்க்கும்போது
அவள் போன் அடித்தது.
இந்த நேரத்தில் அவன் கூப்பிடுவதில்லை.
"அக்கா, ஏணிய விடட்டா?"

எடு, என்றேன்.
காற்றில் தலைவர் ஒருமுறை உப்பி அடங்கினார்.
கீழே அவள் ஹலோ, ஹலோ என்கிறாள்.
'தி' ஒட்டிவிட்டது.
'னா' என் கையில்.