ஏழாவது

பள்ளத்தூர் சந்தையில் நானூறு சொல்லி
முந்நூற்றைம்பதுக்கு முடித்த செவலை.
முட்டை வைக்கத் தொடங்கி ஒன்பது நாள்.
இன்று விடியலில்
பம்புசெட்டுப் பக்கம் இறகுதான் முதலில் தெரிந்தது.

கருப்பட்டி வாலாட்டிக்கொண்டு வந்தான்.
மூக்கு நுனியில் ஒரு பஞ்சிறகு.
தும்மினான். போகவில்லை.

ஃபைனான்ஸ்காரன் வந்தால் கட்டிலுக்கடியில் போய்ப் படுப்பான்.
கோழியிடம் மட்டும்தான் வீரம்.

"செத்ததைக் கழுத்தில் கட்டிவிடுங்க,
நாற நாற மறந்துரும்"
என்றார் லாரி செட்டு சாத்தையா.
ஆறாவதுக்கு அதையும் செய்தோம்.
பதக்கம் வாங்கியவன் மாதிரி
தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தான்.
இரண்டாம் ராத்திரி
மகள் சிட்டாள் எழுந்துபோய் அவிழ்த்துவிட்டாள்.
"தூங்கவே மாட்டேங்குதும்மா."

"காரைக்குடி தாண்டிக் கொண்டுபோய் விட்டுரலாம்"
என்கிறார் இவர்,
வெந்நீரில் முக்கிய செவலையை உரித்தபடி.
போன முறையும் சொன்னார்.
வண்டியில் பெட்ரோல் இல்லை என்றும் அவரே சொன்னார்.

மிளகு, சோம்பு, கல்பாசி.
அம்மிச் சத்தம் கேட்டதுமே
வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிட்டான்
அழைப்பு வந்த விருந்தாளி.

சாப்பிட்டு முடித்து
எலும்பை அள்ளிக்கொண்டு போனேன்,
விளிம்பு உதிர்ந்த அவனுடைய எனாமல் தட்டுக்கு.
பாதிவழியில் கை நின்றது.

ஆறு கோழியின் எலும்பையும்
இதே கைதான் வைத்தது.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.
கையைப் பார்த்தான்.

மிச்சமிருக்கும் இரண்டும்
முருங்கைக் கிளையைவிட்டு
இன்னும் இறங்கவில்லை.